இலவசம் டீச்சரின் சாக்குமூட்டை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதிகம் பேரை ஓட வைத்தவர் போலீஸ்காரர் இல்லை, வட்டிக்காரர் இல்லை, வெறிநாயும் இல்லை. எங்கள் பள்ளியில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர்.

பஸ் நிலையத்தில் அவர் காகிதக் கட்டோடு எதிரே வந்தால் நாலு பேர் டீக்கடைக்குள் நுழைவார்கள். ரெண்டு பேர் செருப்புக் கடையில் விலை கேட்பார்கள். மிச்சப் பேர் எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறிவிடுவார்கள். சின்னசேலம் போக வேண்டிய எங்கள் கணக்கு வாத்தியார் ஒருமுறை அப்படித்தான் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். இத்தனைக்கும் டீச்சர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கொடுக்கத்தான் வந்தார். எல்லாமே இலவசம். அதுதான் பிரச்சினையே.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு நல்ல பெயர் இருந்தது. ஊருக்கு அவர் 'இலவசம் டீச்சர்'. இப்போது மாறுதலில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கே கரும்பு லாரி ஓட்டுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

ஆரம்பம் சாதாரணமானதுதான். ஒரு பயிற்சி வகுப்பில் யாரோ ஒரு இணையதளத்தைக் காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் செய்து பார்க்க அறிவியல் சோதனைகள், படங்கள், வீடியோக்கள், கேள்வித்தாள்கள், எல்லாம் அதில் கொட்டிக் கிடந்தன. பழைய பாட்டில், சைக்கிள் டியூப், தீப்பெட்டி என்று குப்பையில் கிடைப்பதை வைத்தே பாடம் நடத்தலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.'

சாதாரண மனிதர்கள் இதை அனுமதி என்று படிப்பார்கள். டீச்சர் அரசாணை என்று படித்தார்.

மறுநாளே கையில் அந்தப் பக்கங்களை நகலெடுத்த காகிதக் கட்டு, கழுத்தில் ஒரு கயிறு. அதில் வரிசையாகப் பென்டிரைவ்கள். இது எட்டாம் வகுப்பு, இது ஒன்பது, இது ஒளியியல், இது தாவரவியல் என்று உருட்டி உருட்டிக் காட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் சாமியாரம்மா ருத்ராட்ச மாலையோடு வருவது போல இருக்கும். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருநாள் கும்பிட்டுவிட்டார். அவருக்கும் ஒரு பென்டிரைவ் கிடைத்தது.

ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. காரணம், டீச்சருடைய வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே அவரைக் கண்டு ஒளிந்து பழகியிருந்தார்கள். இப்போது குடும்பமே கிளம்பிவிட்டது என்று நினைத்தார்கள்.

விளையாட்டு வாத்தியார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த வாங்கிகினா கீழ ரெண்டு பேர சேத்துவுடணுமா டீச்சர்?"

"யாரையும் சேக்க வேணாம் சார். வாங்கிப் படிங்க, அவ்ளோதான்."

"படிச்சிட்டு?"

"பசங்களுக்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"அவ்ளோதான் சார்."

விளையாட்டு வாத்தியார் காகிதத்தை மேசையில் வைத்தார். "இதுல இன்னமோ இருக்குது. அப்புறமாத்தான் சொல்லுவாங்க" என்று என் காதில் சொன்னார்.

தலைமையாசிரியர் இன்னும் ஒருபடி மேலே. அவர் பயந்த சுபாவம். பள்ளி மணி கொஞ்சம் சத்தமாக அடித்தாலே எழுந்து நிற்பவர். "டீச்சர், காசு குடுத்து வாங்குன பொருள்னா ரசீது இருக்கும். ரசீது இருந்தா எனக்குத் தூக்கம் வரும். நீங்க சும்மா சும்மா கொண்ணாந்து வெக்கறீங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார்.

"இலவசம்னு சொல்லுங்க சார்."

"அத்த சொல்லத்தான் பயமா இருக்குது."

பள்ளிக்குள் போணியாகாத சரக்கைத் தெருவில் இறக்கினார் டீச்சர். பஸ் நிலையத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் பாய் நல்ல மனிதர், மறுக்கத் தெரியாதவர். கட்டுக் கட்டாக வாங்கி வைத்துக்கொண்டார். பத்து மணிக்குப் போண்டா வந்ததும் அதிலேயே மடித்துக் கொடுத்தார். டீச்சருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். "பரவால்ல சார். சாப்ட்டுட்டு கை தொடைக்கும்போது கண்ணுல படும் இல்ல?" என்றார்.

பட்டது. ஒரு வாரம் கழித்து பாய் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு பாதிக் காகிதம்.

"டீச்சரம்மா, பலூன்ல ஊசி குத்துனா வெடிக்காதுன்னு போட்டுகிது. எப்டின்னு போட்ட மீதி பாதிய காணோம். வாடிக்கக்காரரு ஒருத்தரு மூணு நாளா அதக் கேட்டுகினே டீ குடிக்கறாரு. பதில் சொல்லலன்னா வேற கடைக்குப் போயிடுவாரு போலகிது."

டீச்சர் மீதிப் பாதியைக் கொடுக்கவில்லை. நேரே கடைக்கே போனார். பலூனில் சின்னதாக ஒட்டுநாடாவை ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஊசியைச் செருகினார். வெடிக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. தானும் ஒரு பலூனை ஊதி ஊசியைச் செருகினார். ஒட்டுநாடாவை மட்டும் மறந்துவிட்டார். வெடித்த வெடியில் பால் சட்டி கவிழ்ந்தது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். பாய் துளியும் கலங்கவில்லை. "ஒட்டாத எடத்துல குத்துனா வெடிக்கும்னு இப்ப தெரிஞ்சுகினோம் இல்ல?" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுப் பால் வாங்க ஆள் அனுப்பினார்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று கேட்பீர்கள். நான் தமிழ் வாத்தியார். அந்தத் தளத்தில் பாதி ஆங்கிலத்தில் இருந்தது. 'மாற்றலாம்' என்று ஆணை இருக்கிறதே, தமிழாக மாற்ற ஒரு ஆள் வேண்டும். தப்பி ஓடக்கூடிய தூரத்தில் என் நாற்காலி இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளை முழுக்கச் சண்டைதான். 'ஸ்ட்ரா' என்று வந்த இடத்தில் நான் 'உறிஞ்சுகுழல்' என்று எழுதினேன்.

"சார், இது இன்னா பூச்சி?"

"பூச்சி இல்ல டீச்சர். ஸ்ட்ரா. நல்ல தமிழ்."

"எம் பசங்க இத்தப் படிச்சா வயல்ல போய் தேடுவாங்க. ஸ்ட்ரான்னே போடுங்க."

"தமிழ் இன்னா ஆவறது?"

"எளநி கடையில போயி உறிஞ்சுகுழல் குடுங்கன்னு கேளுங்க. அவரு குடுத்தார்னா நான் போட்டுக்கறேன்."

நான் போய்க் கேட்டேன். இளநீர்க்காரர் என்னை உட்காரச் சொல்லி, தலையில் தண்ணீர் தெளித்தார். 'ஸ்ட்ரா' என்றே போட்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து அழைப்பு வந்தது. மலைமேல் ஒரு சிற்றூர்ப் பள்ளி. எல்லாப் பாடத்துக்கும் அங்கே ஒரே வாத்தியார், இளைஞர். அவர் ஒரு கூட்டத்தில் டீச்சரைப் பார்த்து, "எங்க புள்ளைங்க புஸ்தகத்துலதான் டீச்சர் சோதனையப் பாத்துகிதுங்க, கண்ணால ஒண்ணும் பாத்ததில்ல. ஒருநாள் வந்து செஞ்சு காட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டார். டீச்சரிடம் ஒருவர் தானாக வந்து கேட்பது அதுவே முதல் தடவை. அன்று முழுக்க டீச்சர் யாருக்கும் காகிதம் கொடுக்காமல் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கவலையாகிவிட்டது.

துணைக்கு வரச் சொன்னார் என்று சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் நான் போய் நின்றபோது டீச்சர் பக்கத்தில் ஒரு பெரிய சாக்குமூட்டை. காகிதக் கட்டுகள், காலி பாட்டில்கள், வெட்டிய சைக்கிள் டியூப், பிளாஸ்டிக் குழாய்ச் சுருள், பலூன், ஒரு பை நிறைய சர்க்கரை. கண்டக்டர், "பழைய பேப்பர் வியாபாரம்லாம் மலையில ஓடாதும்மா" என்று இரக்கத்தோடு சொல்லி லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இதற்குள் டீச்சர் பாய் கடையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி ஒரு பாட்டிலில் ஊற்றி, சர்க்கரை போட்டு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கலந்து, பாட்டில் வாயில் பலூனை மாட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது காற்று வரும், அந்தக் காற்று பலூனை ஊதும். அதுதான் சோதனை. நேரமாகும் என்பதால் இங்கேயே கலந்துகொண்டால், பள்ளிக்குள் நுழையும்போது பலூன் நன்றாக ஊதி நிற்கும், பிள்ளைகள் அசந்துபோவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். ஒரே ஒரு விஷயத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. மலையில் யாரும் கள்ளச்சாராயம் காய்ச்சிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

பஸ் நின்றது. ஏறிய போலீஸ்காரர் மூட்டையைப் பிரித்தார்.

"இதுல இன்னா?"

"சர்க்கர" என்றார் டீச்சர்.

"இது?"

"ஈஸ்ட்டு."

"இந்தக் கொழா?"

"காத்து போறதுக்கு சார்."

போலீஸ்காரர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. எத்தனையோ நாள் ஆட்டுத் தழையையும் அரிசி மூட்டையையுமே குத்திப் பார்த்து அலுத்தவருக்குக் கடைசியில் அதிர்ஷ்டம் அடித்தது போல. மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பலூன் அதற்குள் நல்ல பூசணிக்காய் அளவுக்கு வந்திருந்தது. பாட்டிலைக் கையில் எடுக்காமலே ஐயாவைக் கூப்பிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பலூனை லேசாக நெகிழ்த்தி முகர்ந்து பார்த்தார். "இந்த வாசனைய புடிக்கத்தான்மா எனக்கு சம்பளமே குடுக்கறாங்க" என்றார்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். வழியில் இப்படி ஒரு நல்ல மாணவர் கிடைப்பார் என்று அவர் நினைக்கவில்லை. "கரெக்ட்டா புடிச்சீங்க சார். ஈஸ்ட்டு சர்க்கரைய சாப்ட்டுட்டு ரெண்டு பொருள வெளிய வுடும். ஒண்ணு இந்தக் காத்து. இன்னொண்ணு ஆல்கஹால்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க எடுத்துகினு போறீங்க?"

"மேல சார். ஸ்கூல் புள்ளைங்களுக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் குரல் தாழ்ந்துவிட்டது. "புள்ளைங்களுக்கா? இன்னா வெலைக்கு?"

"வெலயா? இலவசம் சார்."

அவர் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய குற்றவாளியை அவர் அதுவரை பார்த்ததில்லை என்று முகம் சொல்லியது. நான் குறுக்கே புகுந்து, "சார், நான் தமிழ் வாத்தியார். விஷயம் இன்னான்னா" என்று ஆரம்பித்தேன். "கூட வந்த ஆளா? நீங்களும் எறங்குங்க" என்றார்.

எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். சாவடிக்குப் பின்னால் ஒரு பாறைமேல் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஏறி நின்று ஸ்பீக்கரில் போட்டார். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் தலைமையாசிரியர் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

"எனக்கு அப்பவே தெரியும் சார். சும்மா குடுக்கறாங்கன்னா சும்மாவா இருக்கும்? எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும்..."

அதோடு சிக்னல் போய்விட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். நான் பஸ்ஸையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தேன். டீச்சரோ மூட்டையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். "படிங்க சார். இதுதான் பாடம். கீழ கேள்வி கூட இருக்குது."

அவர் சாவடி நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் கொஞ்சம் இறங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சரால் முடியாதே.

"மொத கேள்வி. வெந்நீருக்குப் பதிலா ஐஸ் தண்ணி ஊத்துனா பலூன் ஊதுமா சார்?"

"ஊதாது."

"ஏன்?"

சப்-இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற போலீஸ்காரர் கையைத் தூக்கினார். "நீங்க இருங்க, ஐயா சொல்லட்டும்" என்றார் டீச்சர். "யோசிச்சுச் சொல்லுங்க சார். அவசரமில்ல. நான் காத்துகினு இருக்கேன்."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். மிளகு மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் சப்-இன்ஸ்பெக்டருக்காக வருத்தப்பட்டு "ச்சு" கொட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார்.

"ஈஸ்ட்டுக்குக் குளுரும்" என்றார் கடைசியில்.

"கிட்ட வந்துட்டீங்க சார். ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்குது. குளுர்ல அது வேல செய்யாது. ரெண்டாவது கேள்வி."

"வேணாம்மா" என்று எழுந்துவிட்டார். "நீங்க டீச்சர்தான். எனக்கு சந்தேகமே இல்ல. போயிட்டு வாங்க." கொஞ்சம் தயங்கினார். "சர்க்கரையும் ஈஸ்ட்டும் பலூனும் அந்த பாட்டிலும் மட்டும் இங்க இருக்கட்டும். திரும்பி வரும்போது எடுத்துகினு போங்க. மேல எடுத்துகினு போக வுட்டா என்னைக் கேப்பாங்க." இன்னும் கொஞ்சம் தயங்கி, "எம் பொண்ணு எட்டாவது படிக்குது. இந்தப் பேப்பர் ஒண்ணு கெடைக்குமா?" என்றார்.

டீச்சர் அவருக்கு ஒன்று கொடுக்கவில்லை. ஒரு கட்டு கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் எல்லோரும் தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்தே அப்படியே இருக்கிறார்களாம். அந்த இளம் வாத்தியார் ஒரு புரொஜெக்டரை எங்கிருந்தோ இரவல் வாங்கி வைத்திருந்தார். காற்றில் மரம் சாய்ந்து, முந்தின நாளே கரண்ட் போய்விட்டது. டீச்சர் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். உலகத்து அறிவியல் முழுக்க அதில் இருந்தது. காட்டத்தான் வழியில்லை. கொண்டுவந்த நல்ல சோதனையோ போலீஸ் காவலில் இருந்தது.

டீச்சர் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான். அத்தனை கண்களும் அந்தச் சாக்குமூட்டையையே பார்த்தன. கேட்டு வாங்க ஆள் இருக்கும் இடத்தில், கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் அவர் நின்றார். எனக்கு என்னவோ போலிருந்தது. ஒரு பாட்டாவது பாடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

டீச்சர் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"கையில இன்னாம்மா? மையா?"

"கடுக்கா டீச்சர். வூட்ல எங்கம்மாகூட வெட்டுனேன். கத்தியில வெட்டுனா கறுத்துடும்."

மலையில் கடுக்காய் பொறுக்கி விற்பது பல வீடுகளில் நடக்கும் வேலை. அந்தப் பிள்ளைக்கு இது ஒரு செய்தியே இல்லை. டீச்சர் குனிந்தார்.

"கல்லால தட்டி ஒடைச்சா?"

"கறுக்காது."

"கத்தியில மட்டும் ஏன் கறுக்குது?"

பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டீச்சர் நிமிர்ந்து, "எனக்கும் தெரியாது" என்றார். லாட்டரி விழுந்தவர் சொல்வது போலச் சொன்னார். "வாங்க, பாத்துடலாம்."

காலி பாட்டில்களை அரை அரையாக வெட்டி வரிசையாக வைத்தோம். பிள்ளைகள் ஓடிப்போய் ஆளுக்கொரு பிடி கடுக்காய் கொண்டுவந்தார்கள். இடித்துத் தண்ணீரில் ஊற வைத்தோம். ஒன்றில் துருப்பிடித்த ஆணி, ஒன்றில் செம்புக் கம்பி, ஒன்றில் பிளாஸ்டிக் கரண்டி. கொஞ்ச நேரத்தில் ஆணி போட்ட தண்ணீர் மட்டும் கறுத்துக்கொண்டே வந்து, பேனா மை மாதிரி ஆகிவிட்டது. இரும்புதான் காரணம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்தினார்கள். ஒருத்தி போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, "இத்த ஊத்திப் பாக்கலாமா டீச்சர்?" என்றாள். எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை. ஊற்றச் சொன்னார். கறுப்பு வெளுத்துக்கொண்டே போனது.

அதன்பின் அங்கே நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் குச்சியை அந்த மையில் தொட்டுக் காகிதத்தில் பெயர் எழுதினார்கள், சுவரில் எழுதினார்கள், என் வெள்ளைச் சட்டையிலும் எழுதினார்கள். ஒரு பையன் என் முதுகில் முழு வாய்ப்பாடு எழுதியிருந்ததை நான் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். எட்டாம் வாய்ப்பாட்டில் ஒரு தப்பு இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கினோம். சாவடியில் சர்க்கரை பத்திரமாக இருந்தது. பலூன் வெடித்துவிட்டதாகவும், காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதாகவும் அந்தப் போலீஸ்காரர் சொன்னார்.

பஸ் கிளம்பியதும் டீச்சர், "சார், மறந்துபோறதுக்கு முன்ன எழுதிடலாம். நாமளே எடுத்துகினு இருந்தா எப்டி? நாமளும் ஒண்ணு அந்தத் தளத்துல போடணும் இல்ல?" என்றார். அவர் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். தேவையான பொருட்கள்: கடுக்காய், ஆணி, எலுமிச்சை. செய்முறை. கவனிக்க வேண்டியவை. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் எழுத்தும் திரும்பியது. அந்தப் பக்கம் இன்றைக்கும் அந்தத் தளத்தில் இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. பெயர்களைக் கொஞ்சம் குறைத்தால் பக்கம் சின்னதாகும் என்று தளத்துக்காரர்கள் கேட்டதற்கு, டீச்சர் போட்ட சண்டையை நான் நேரில் கேட்டேன்.

"கச்சிராயபாளையம் வந்தா சொல்லுங்க சார். அங்க மெடிக்கல்காரருக்கு ஒரு கட்டு குடுத்துட்டு அடுத்த பஸ்ஸில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று யோசித்தார். யோசித்தபடியே ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனார். மடியில் சாக்குமூட்டை. விரலெல்லாம் கறுப்பு.

கச்சிராயபாளையம் வந்தது. கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவர் டீச்சரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் மெதுவாக ரெண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்பட்டது. மெடிக்கல்காரர் அன்று தப்பித்துக்கொண்டார். நான் ஜன்னல் கண்ணாடியைச் சத்தம் வராமல் இறக்கி மூடினேன். காற்று கொஞ்சம் ஈரமாக அடித்தது.